மடைப்பள்ளிச் செங்கமலமும் முளைத்த கைகளும்

முன்னொரு காலத்திலே, பல்லிகள் சகுனம் சொல்வதோடு நிற்காமல் வாய் திறந்து வம்பும் பேசின காலத்திலே, குங்கிலியபுரி என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அது எந்தக் காலம் என்று யாரும் குறுக்கே கேட்கக் கூடாது. கேட்டால் கதை கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடும், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

அந்த ராஜ்யத்து அரண்மனையில் சமைக்கிற இடத்துக்கு மடைப்பள்ளி என்று பேர். அங்கே தலைமைச் சமையல்காரி செங்கமலம். அவள் ரசம் வைத்தால் வாசனை கோட்டைச் சுவரைத் தாண்டிப் போகும். காய்ச்சலில் படுத்தவன்கூட எழுந்து உட்கார்ந்து, "சோறு எங்கே?" என்பான். அப்படி ஒரு கைராசி.

கை நல்ல கைதான். மனசும் நல்ல மனசுதான். ஆனால் ஒரு வேலையை அடுத்தவர் கையில் விட மட்டும் அந்த மனசுக்கு வராது.

அவளுக்கு உதவியாக மூன்று பேர் இருந்தார்கள். காய் நறுக்கச் சடையன், ஆள் தேர் மாதிரி இருப்பான். அரைக்க வேம்பு, வெடுக் வெடுக்கென்று பேசுவாள். அடுப்பு பார்க்கத் தொப்பளான், நரைத்த மீசைக்காரர், பரம சாது. வேலையெல்லாம் பேருக்குத்தான்.

சடையன் அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தால், "இவ்வளவு தடிமனாவா நறுக்குவாங்க? விடு, நானே பாத்துக்கறேன்!"

வேம்பு அம்மியில் கை வைத்தால், "அரைக்கிற லட்சணமா இது? விடு, நானே பாத்துக்கறேன்!"

தொப்பளான் விறகைத் தள்ளினால், "அண்ணே, புகையுது! விடுங்க, நானே பாத்துக்கறேன்!"

எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சொல்கிற நேரத்தில் செய்தே முடித்துவிடலாமே என்பது அவள் கணக்கு. மூன்று பேரும் எத்தனை நாள்தான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள்? சுவரோரம் உட்கார்ந்து தாயம் ஆட ஆரம்பித்தார்கள். தாயத்தில் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். சமையலில்? ஒன்றும் தெரியாது, பாவம்.

செங்கமலம் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கோட்டையம்மனுக்குப் படைக்கும் முன்னால் எதையும் ருசி பார்க்கக் கூடாது என்பது அந்த மடைப்பள்ளியின் வழக்கம். உப்பு கூடிற்றா குறைந்ததா என்று நாக்கைக் கேட்க முடியாது. கண்ணும் மூக்கும் கையும்தான் சொல்ல வேண்டும். அதனால் அடுத்தவர் கையை அவளால் நம்ப முடிவதில்லை.

இதனால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் ஒரே ஒருத்திக்குத்தான். அவள் செங்கமலத்தின் மகள் மரிக்கொழுந்து.

மரிக்கொழுந்துக்குக் காது குத்தினபோது அம்மா பக்கத்தில் இல்லை, அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெரியவளாகி மஞ்சள் நீராட்டு நடந்தபோது அம்மா பக்கத்தில் இல்லை, புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தில் தாலி ஏறினபோதும் அம்மா பக்கத்தில் இல்லை. பந்திக்கு ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளச் சத்தம் கேட்டுக் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தால், எல்லாம் முடிந்து மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது மரிக்கொழுந்து மாசமாக இருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் புகுந்த வீடு. அவள் புருஷன் நல்லப்பன், பரிசல் ஓட்டுகிறவர், ஒரு நாள் மடைப்பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"வாங்க மாப்பிள்ளை! என்ன வெயில்ல வந்து நிக்கறீங்க?"

"அத்தை, வர்ற பௌர்ணமிக்கு வளைகாப்பு. உங்க மக ஒண்ணு சொல்லிவிட்டா. அதை அப்படியே சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"முதல் வளையல் எங்கம்மா கையாலதான் ஏறணும். இந்தத் தடவையும் வராட்டி, வளையலும் வேண்டாம், பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கும் வரமாட்டேன். அப்படின்னு சொன்னா அத்தை. சொல்லிட்டு அழுதுட்டா."

பௌர்ணமி அன்றைக்குத்தான் கோட்டையம்மன் படையல். ராஜா முதல் வண்ணார் வரை ஊரே பந்தியில் உட்காரும் நாள். "கட்டாயம் வர்றேன் மாப்பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டு, எப்படிப் போவது என்று தெரியாமல் நின்றாள்.

சரியாக அந்த நேரத்திலே வந்து சேர்ந்தான் மந்திரவாதி குறளிமுத்து. தாடி கிடையாது, புலித்தோல் கிடையாது. தோளில் ஒரு பை, பைக்குள்ளே ஏதோ கிச்சுக்கிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது.

"தாயி, பசிக்குது."

"உக்காருங்க சாமி, இலை போடறேன்."

"சும்மா சாப்பிட மாட்டேன். ஏதாவது ஒரு வேலை கொடு."

"நீங்க செஞ்சா எனக்குச் சரிப்படாது. விடுங்க, நானே பாத்துக்கறேன்."

குறளிமுத்து வயிறாரச் சாப்பிட்டான். ஏப்பம் விட்டான். "சோறு அமிர்தம். வேலைதான் தர மனசு வரலே. போகட்டும், உனக்கு என்ன வேணும், கேளு" என்றான்.

செங்கமலம் கிண்டுகிற சட்டியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "இன்னும் ரெண்டு கை இருந்தாப் போதும் சாமி."

"ரெண்டே போதுமா?"

"மேல வேணும்னா முளைக்கட்டுமே, வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

"அப்படியே ஆகட்டும். வாய்க்கு வாய் ஒரு வார்த்தை சொல்றியே, அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு ஜோடி."

"எந்த வார்த்தை?" என்று அவள் திரும்பினால், ஆளைக் காணோம். சுவரில் ஒரு பல்லி மட்டும் இச் இச் என்றது.

சடையன் பூசணிக்காயை எடுத்தான். "டேய், அது பந்திக்கு வச்சிருக்கறது! விடு, நானே பாத்துக்கறேன்!" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, முதுகுப் பக்கம் சுரீரென்றது. விலாவிலிருந்து புத்தம் புதுசாய் இரண்டு கை! வளையல் தழும்புகூட அப்படியே!

மூன்று பேரும் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள். செங்கமலம் பயந்தாளா? பயமாவது! ஒரு கையால் கிண்டினாள், ஒரு கையால் நறுக்கினாள், ஒரு கையால் அரைத்தாள், ஒரு கையால் வியர்வையைத் துடைத்தாள். "அம்மாடி, இது என்ன சுகம்!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். இனி எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிட்டு மகளிடம் ஓடிவிடலாம் என்று அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

அந்தத் தைரியத்தில் இன்னும் நாலு தடவை சொன்னாள், நாலு ஜோடி முளைத்தது. அப்புறம் சொல்லிச் சொல்லி, எத்தனை கை என்று எண்ணிப் பார்க்கக்கூட விரல் மடக்க முடியவில்லை. ஏனென்றால் எல்லா விரலும் வேலையாக இருந்தது.

அப்போதுதான் கஷ்டகாலம் ஆரம்பித்தது. எல்லாம் யாருடைய கை? செங்கமலத்தின் கை. ஒன்றை ஒன்று நம்புமா? ஒரு கை கரண்டியைப் பிடித்தால் இன்னொரு கை வெடுக்கென்று பிடுங்கிற்று. ஒரு கை போட்ட உப்பை நம்பாமல் இன்னொரு கை உப்புப் போட்டது. அதையும் நம்பாமல் மூன்றாவது கை போட்டது. இரண்டு கை ஒரே அப்பளத்துக்குச் சண்டை போட்டு, அப்பளம் தூள். வேம்புவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் மகளுக்கு வளையல் வாங்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள் செங்கமலம். மடைப்பள்ளி வாசலோ குறுகின வாசல். நேராக நுழைந்தாள், கைகள் நிலையில் முட்டின. பக்கவாட்டில் நுழைந்தாள், முட்டின. குனிந்து நுழைந்தாள், நன்றாக மாட்டிக்கொண்டாள். சடையன் இடுப்பைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே விட்டான்.

தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "ஐயோ மரிக்கொழுந்து! நாலாவது தடவையும் ஏமாத்திட்டேனே! இத்தனை கை இருந்தும் உனக்கு ஒரு வளையல் போடக் கை இல்லாமப் போச்சே!"

சுவர்ப் பல்லி இறங்கி வந்தது. "இச்! அழுதது போதும். இத்தனை வருஷமா மேலேயிருந்து பாக்கறேன், எனக்கே அலுத்துப்போச்சு. ஒரு வேலையைப் பிடுங்கினா ஒரு ஜோடி வருது. அப்ப என்ன செஞ்சா ஒரு ஜோடி போகும்? அதையும் நானே சொல்லணுமா? எனக்குப் பூச்சி பிடிக்கிற வேலை இருக்கு." சொல்லிவிட்டு விடுவிடுவென்று ஏறிப் போயிற்று.

செங்கமலத்துக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரே சமயத்தில் எத்தனை கையால் துடைத்தாள் என்று கேட்காதீர்கள்.

"சடையா! குழம்புக்கு ஒரு கை உப்புப் போடு. வேம்பு! கடைத்தெருவுக்குப் போய் மரிக்கொழுந்துக்கு நல்லதா வளையல் வாங்கிட்டு வா. தொப்பளாண்ணே! பால் காயுது, பதம் வந்ததும் இறக்கி வைங்க!"

அப்பாடா, கொடுத்தாயிற்று! கை விழுமா என்று பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. என்ன ஆயிற்று தெரியுமா?

சடையன் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டான். அவன் கை முறம் அளவு! வேம்பு ஓடிப் போய், தகதகவென்று ஒரு சாண் அகலத்துக்கு அரக்கு வளையல் வாங்கி வந்தாள், அதுவும் அவள் கை அளவுக்கு. தொப்பளானோ பாலையே பார்த்துக்கொண்டு நின்றார். பால் குறுகிற்று, பழுப்பாயிற்று, கருகிற்று. அவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"அட ராமா! ஒண்ணாவது உருப்படியா? விடுங்க, நானே பாத்துக்கறேன்!" சுரீரென்று இன்னொரு ஜோடி.

சடையனுக்குக் கோபமே வராது. அன்றைக்கு வந்துவிட்டது. "அக்கா, நீங்க ஒரு கைன்னு சொன்னீங்க, ஒரு கை போட்டேன். இது என் கை. இது எனக்குச் சாமி கொடுத்த கை. நான் என்னக்கா செய்யட்டும்?" என்று உள்ளங்கையை அவள் உள்ளங்கை பக்கத்தில் நீட்டினான்.

செங்கமலம் பார்த்தாள். அவள் கை வெற்றிலை அளவு, அவன் கை வாழை இலை அளவு.

"எனக்கு எது அழகோ அதை வாங்கினேன்" என்றாள் வேம்பு. "உங்களுக்கு எது அழகுன்னு நீங்க சொன்னீங்களா?"

தொப்பளான் தலையைச் சொறிந்தார். "பதம் எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்லையேம்மா. அந்த நேரம் வந்தா நீ கரண்டியைப் பிடுங்கிக்குவியே."

செங்கமலத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவ்வளவு காலம் எல்லாம் அவள் தலைக்குள்ளேயே இருந்தது. வெளியே வந்ததே இல்லை. மற்றவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

அவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தாள். "சடையா, இங்க பாரு. என் கை வேண்டாம், உன் கையும் வேண்டாம். இந்தச் சிரட்டையில உப்பைத் தலைதட்டி ஒரு சிரட்டை. புதுசா வைக்கிற குழம்பு கொதிச்சுப் புளியோட பச்சை வாசனை போனதும் போடு. ஒரு தடவைதான், அப்புறம் தொடாதே. ருசி பாக்க முடியாதில்லையா, அதனால அளவுதான் நமக்கு நாக்கு. எங்க, நீ இப்ப எனக்குச் சொல்லு."

"தலைதட்டி ஒரு சிரட்டை. பச்சை வாசனை போனதும். ஒரே தடவை" என்றான் சடையன்.

சொன்னாள், சரி. ஆனால் விட்டாளா? அவன் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தாள். ஒரு கை தன்னையறியாமல் சிரட்டையை நோக்கிப் போயிற்று. பல்லி மேலேயிருந்து "இச்!" என்றது. செங்கமலம் உதட்டைக் கடித்துக்கொண்டு, அத்தனை கையையும் மடக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அதுதான் அவள் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை.

உப்பு விழுகிற சத்தம் கேட்டது. கூடவே தொப் தொப் என்று இரண்டு சத்தம். தென்னைமட்டை கழன்று விழுகிற மாதிரி இரண்டு கை தரையில் விழுந்து, புகையாகிப் போயிற்று.

"அக்கா! போயிடுச்சு! போயிடுச்சு!" என்று வேம்பு குதித்தாள்.

"குதிக்கறது இருக்கட்டும், நீ வா. என் வீட்டுப் பரண்ல மரிக்கொழுந்தோட பழைய வளையல் ஒண்ணு இருக்கு, எடுத்துக்க. கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். இந்த வளையல் அளவைவிட ஒரு நூல் பெரிசா வாங்கு. மாசமா இருக்கா, கை கொஞ்சம் வீங்கியிருக்கும். சின்னதா இருந்தா ஏறாம உடையும், மங்கல நாள்ல அது ஆகாது."

"ஏன்னு சொல்லிட்டீங்க இல்லே, இப்பப் பாருங்க" என்று வேம்பு பறந்தாள். தொப் தொப்.

அப்புறம் என்ன! நறுக்குகிற வேலை, அரைக்கிற வேலை, தண்ணீர் எடுக்கிற வேலை, ஒவ்வொன்றாகச் சொன்னாள். என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், ஏன் வேண்டும் என்று சொன்னாள். திருப்பிச் சொல்லக் கேட்டாள். அப்புறம் திரும்பி நின்றாள், ஒவ்வொரு தடவையும் தொப் தொப். தப்பு நடக்காமல் இல்லை. புடலங்காய் ஒரு கூடை கோணல்மாணலாக நறுக்கப்பட்டது. அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். புடலங்காய் கோணலாக இருந்தாலும் வேகும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள்.

பௌர்ணமி விடிந்தது. முளைத்ததில் இன்னும் ஒரே ஒரு ஜோடி கை மிச்சம். இன்னும் ஒரே ஒரு வேலை மிச்சம். அம்மனுக்குப் படைக்கிற பாயசம்! அதை இன்றுவரை செங்கமலத்தைத் தவிர யாரும் தொட்டதில்லை.

வாசலில் நல்லப்பன் குரல். "அத்தை! பரிசல் தயாரா இருக்கு. இப்பக் கிளம்பினாத்தான் நல்ல நேரத்துக்குள்ள போகலாம்!"

பால் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. செங்கமலம் தொப்பளானிடம் கரண்டியை நீட்டினாள்.

"அண்ணே, பதம்னா இதுதான். கரண்டியை முக்கி எடுத்து, அதோட முதுகுல விரலால ஒரு கோடு இழுங்க. கோடு மூடிக்கிட்டா இன்னும் கொதிக்கணும். கோடு அப்படியே நின்னா, அந்த நிமிஷமே இறக்கிடுங்க. அதுக்கு மேல விட்டா ஆறினதும் கட்டியாயிடும். விரலை வாயில வைக்காதீங்க, தண்ணில கழுவிடுங்க."

"கோடு மூடினா கொதிக்கணும், நின்னா இறக்கணும், விரலைக் கழுவணும்" என்றார் தொப்பளான். மீசை கொஞ்சம் துடித்தது. "என்னை நம்பி விடறியாம்மா?"

"விட்டுட்டேண்ணே" என்றாள். ஆனால் கை விழவில்லை.

நாலு கையோடு வாசலைத் தாண்டினாள், இடித்துக்கொண்டே தாண்ட முடிந்தது. இரண்டு கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தாள். பரிசலுக்குக் கிட்டே வந்தபோது காற்று திரும்பி அடித்தது. பாயச வாசனை. அதில் லேசாக, மிக லேசாக, ஏதோ தீய்ந்த வாசனை!

செங்கமலம் நின்றுவிட்டாள். கால் மடைப்பள்ளிப் பக்கம் திரும்பிற்று. ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?

"அத்தை" என்றார் நல்லப்பன், பரிசலைப் பிடித்துக்கொண்டு.

அவள் கண்ணை மூடினாள். கோடு நின்னா இறக்கணும்னு சொன்னேன். ஏன்னும் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். தீய்ந்தது விறகோ, பாலோ, எதுவாயிருந்தாலும் அங்கே ஆள் இருக்கு. என் பொண்ணுகிட்டதான் ஆள் இல்லே.

கண்ணைத் திறந்து, தாவிப் பரிசலில் ஏறினாள். நடு ஆற்றில் தொப் தொப் என்று இரண்டு கையும் தண்ணீரில் விழுந்தன. மீன்கள் பயந்து துள்ளின. நல்லப்பன் துடுப்பை விட்டுவிட்டார், பரிசல் கொஞ்ச நேரம் கிறுகிறுவென்று சுற்றிற்று.

அக்கரையில் மரிக்கொழுந்து மணையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள், தட்டுத் தட்டாய் வளையல். "நேரம் போகுதுடி, யாராவது ஒருத்தர் போட்டுடறோம்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் மடியில் பொத்தி வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் செங்கமலம் வந்து நின்றாள். இரண்டே கை. கரண்டி இல்லாத கை.

"அம்மா!" மரிக்கொழுந்துக்கு நம்ப முடியவில்லை. "படையல் ஆச்சே! பாயசத்தை யார் பாக்கறா?"

"தொப்பளாண்ணன் பாத்துக்குவார்டி" என்றாள் செங்கமலம். "நீ கையைக் கொடு."

மரிக்கொழுந்து கையை நீட்டினாள். வேம்பு வாங்கி வந்த பச்சை வளையல் உடையாமல், இடிக்காமல், வழுக்கிக்கொண்டு ஏறிற்று. மகள் அழுதாள், அம்மாவும் அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களும் எதற்கென்று தெரியாமலே மூக்கைச் சிந்தினார்கள்.

சாயங்காலம் சடையனும் வேம்புவும் தொப்பளானும் தூக்குப் பாத்திரத்தோடு பரிசலில் வந்து இறங்கினார்கள். கூடவே யார்? குறளிமுத்து! "பந்திக்கு வந்தேன். வேலை கொடுன்னு கேட்டேன். இந்தச் சடையன் கொடுத்தான் பாரு! இலையைத் துடைச்சு, சாப்பிடறவங்களுக்கு இடது பக்கம் நுனி வர்ற மாதிரி போடுங்கன்னு, தெளிவா சொன்னான்! இன்னிக்குத்தான் உங்க மடைப்பள்ளியில ஏப்பம் நிம்மதியா வந்துச்சு" என்றான். பைக்குள்ளே கிச்சுக்கிச்சென்று சிரிப்பு.

"தீய்ஞ்ச வாசனை வந்துச்சே அண்ணே?"

"துணிம்மா. பாயசத்தை இறக்கற அவசரத்துல என் துண்டு அடுப்புல விழுந்துடுச்சு. பாயசத்துக்கு ஒண்ணும் ஆகலே. ராஜா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

செங்கமலம் ஒரு வாய் குடித்தாள். ஏலக்காய் அவள் போடுவதைவிடத் துளி கூடுதல். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். வாய் திறந்தது, மூடிற்று. அப்புறம் திறந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே" என்றது.

தொப்பளான் மீசைக்குள் சிரித்தார். மறுநாள் மரிக்கொழுந்து கை நிறைய வளையல் குலுங்கத் தாய்வீட்டுக்கு வந்தாள். பேரப்பிள்ளை பிறந்தபோது முதலில் ஏந்தினது செங்கமலத்தின் இரண்டு கைதான். அன்றைக்கு மடைப்பள்ளியில் என்ன சமையல் என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

அவர்கள் பாயசத்தை அவர்கள் குடித்தார்கள், நம் கதையை நாம் கேட்டோம். சரி, எழுந்திருங்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த இந்தப் பாயை நுனியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, மழைச்சாரல் படாமல் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.